அக்கா விரித்த சாக்குத்துணி மேசை

முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா மகன் பிடிவாதமாகக் கேட்டான். என் வாய் நீளம் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அதனால் கையும் நீளமாக எழுதும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அக்காவின் நற்குணங்களை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் போன வருடத்துத் தீபாவளி விருந்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது கிள்ளானில். அப்பா போர்ட் கிள்ளான் கிடங்குகளில் மூட்டை தூக்கினார். அரிசி, சீனி, கடலை என்று கப்பலில் வந்ததெல்லாம் அவர் தோளைத் தொட்டுத்தான் ஊருக்குள் போயிற்று. அம்மா எங்களைச் சீக்கிரமே விட்டுப் போய்விட்டார். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், அக்கா இடைநிலைப் பள்ளியில் இருந்தார். அம்மா போன பிறகு அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு தையல் வேலைக்குப் போனார். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எனக்குக் கணக்கு வராது, தப்பிச்சேன்னு ஓடி வந்தேன்" என்பார். கணக்கு வராதவர்தான் என்னுடைய பள்ளிச் செலவை ஒரு நாளும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார். என் தலையைப் பின்னிவிட்டதும், எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். வயதில் ஐந்தாறு வருடம்தான் மூத்தவர் என்றாலும் நான் அவரை அம்மாவாகத்தான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் உரிமையை எல்லாம் அவரிடம் எடுத்துக்கொண்டேன். எதிர்த்துப் பேசினேன், கேலி செய்தேன், கூப்பிட்டபோதெல்லாம் போகாமல் இருந்தேன்.

திருமணமாகி அக்கா பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். அத்தான் ரயில்வேயில் வேலை பார்த்தார். மகன் இடைநிலைப் பள்ளியில் இருக்கும்போதே அத்தானும் போய்விட்டார். அதன் பிறகு அக்கா அங்கேயே ஒரு திரைச்சீலைக் கடையில் தைக்கச் சேர்ந்து, கண் மங்கும்வரை அங்கேயே இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர்களில் ஒருவரான சாமி அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்து ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உடம்பு பிடித்துவிடும் கடை வைத்திருப்பவர். கண் தெரியாதவருக்குத் திரை எதற்கு என்று கடையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அக்கா நேராகவே கேட்டுவிட்டார். "வெயில் முதுகுல சுடுது லா அக்கா, அதுக்குக் கண்ணா வேணும்?" என்றாராம் அவர். தைத்துக் கொடுத்த திரையை ஓரம் முழுவதும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில் தையல் நழுவியிருப்பதையும் சொல்லியிருக்கிறார். அக்கா அதைப் பிரித்துத் தைத்தார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது.

சாமி அண்ணன் வழியாக மற்றவர்களும் பழக்கமானார்கள். ரயில் நிலையத்துப் படியருகே டிஷ்யூ விற்கும் லிம் அங்கிள், ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் மலாய்க்காரப் பெண் காக் ரோஸ், இன்னும் சிலர். தீபாவளிக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களை எல்லாம் அக்கா தன் அடுக்குமாடி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சைவச் சமையல்தான். அந்த மேசையைத்தான் அவர் சாக்குத்துணியால் அலங்கரித்தார்.

அலங்காரம் என்று சொன்னால் நீங்கள் ஜரிகையும் மெழுகுவத்தியும் நினைத்துக்கொள்ளக் கூடாது. கிள்ளானில் மளிகைக் கடைக்காரரிடம் பழைய சணல் சாக்குகளை வாங்கி வருவார். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தூசி போக அலசி, மாடிக் கம்பியில் காயப்போடுவார். திரைச்சீலைக் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளையும் முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொள்வார். காடாத்துணி, துவாலைத்துணி, கோடு கோடாக மேடு தட்டிய தடித்த துணி, பழைய கைலியின் வழவழப்பான துண்டு என்று கலந்து இருக்கும். ஒவ்வொருவருடைய தட்டுக்கு அடியிலும் விரிக்க ஒரு துணி. அதற்குத் தட்டுத்துணி என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஓரத்தை மடித்துத் தைக்க மாட்டார். நான்கு பக்கமும் இழைகளை உருவிவிட்டு, விரல் நீளத்துக்குக் குஞ்சம் தொங்கவிட்டு, மேலும் பிரிந்துபோகாமல் ஒரே ஒரு தையல் போடுவார். வலது பக்க மூலையில் சணல் கயிற்றை வட்டமாகச் சுற்றித் தைத்திருப்பார். மேசை நடுவில் நீளமாகக் காடாத்துணி, அதன்மேல் சாக்கு நூலில் முடிச்சுப் போட்டுச் செய்த பூக்கள். ஒவ்வொரு பூவுக்குள்ளும் இரண்டு கிராம்பு செருகி வைப்பார்.

குஞ்சம் எங்கே முடிகிறதோ அங்கே தட்டு தொடங்குகிறது. கயிற்று வட்டம் இருக்கும் இடத்தில் தண்ணீர்க் குவளை. சாமி அண்ணன் துணியின் மூலையில் பெரிய முடிச்சு, லிம் அங்கிளுக்குத் தேங்காய் ஓட்டுப் பொத்தான், காக் ரோஸுக்குக் கைலித் துண்டு ஒட்டிய சாக்கு. கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைப்பது அவர்களில் யாருக்கும் பிடிக்காது. மேசையைச் சுற்றித் தடவிக்கொண்டே போய்த் தங்கள் துணியைத் தாங்களே கண்டுபிடித்து உட்காருவார்கள். அக்கா சும்மா இருக்காமல் ஒவ்வொரு வருடமும் இடத்தை மாற்றி விரித்துவிடுவார். போன வருடம் ஜன்னலோரம் இருந்தவர் இந்த வருடம் அடுப்படிப் பக்கம் இருப்பார். என் வீட்டுக்குள் யார் புகுந்தது என்று சாமி அண்ணன் சத்தம் போடுவாராம், வாடகை கொடுத்துவிட்டு உட்கார் என்பாராம் லிம் அங்கிள். சோறு வருவதற்கு முன்பே வீடு சிரிப்பால் நிறைந்துவிடும். அதற்காகத்தான் வருடம் முழுவதும் துணி சேர்க்கிறேன் என்பார் அக்கா.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு தடவைகூட அக்கா வீட்டுக்குப் போனதில்லை. அன்றைக்கு என் மாமியார் வீட்டு விருந்து, விட்டு வர முடியாது என்று ஒவ்வொரு வருடமும் ஒரே சாக்கைச் சொன்னேன். முன்னால் ஒருநாள் அவர் வீட்டு அலமாரியில் அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மூட்டை தூக்குறவங்க வீடு மாதிரி" என்று கேலி செய்தேன். யாருடைய மகள் யாரைச் சொல்கிறாள் என்று யோசித்தேனா என்றால் இல்லை. அக்கா கோபப்படவில்லை. மூட்டை தூக்குகிறவர் வீடுதானே என்று மட்டும் சொல்லிவிட்டு அலமாரியைச் சாத்தினார். அதன் பிறகு அந்தத் துணிகளைப் பற்றி என்னிடம் அவர் பேசியதில்லை. பேசியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். பேசாமல் ஆக்கியது நான்தான்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே நோய் முற்றிவிட்டிருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நான் கிள்ளானிலிருந்து வந்து அவருடனே தங்கினேன். தீபாவளி நெருங்கியபோது அக்கா என்னிடம் இரண்டு காரியம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தை நான் நடத்திக் கொடுக்க வேண்டும். அவர் படுத்திருப்பது வந்தவர்களுக்குத் தெரியக் கூடாது.

"மகன் வீட்டுக்கு ஜொகூருக்குப் போயிட்டேன்னு சொல்லு பாப்பா. நான் உள்ள படுத்துக்கிட்டு அவங்க சிரிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது போதும்" என்றார்.

ஜொகூர் பொய் எனக்கு எளிதாகத்தான் இருந்தது. அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், அவர் இருமாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துணி எங்கே இருக்கிறது என்று சொன்னார், எடுத்து விரித்தால் போதும் என்றும் சொன்னார். விரித்தால் போதும் என்பதோடு நின்றிருக்கலாம். நான் கை சும்மா இருக்காத ஆள். ஒருநாள் துணிகளைக் கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப் போய் மேசையில் பரப்பிப் பார்த்தேன். பிசிறு பிசிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி அதுவுமாக இதையா விரிப்பது, அக்காவின் கடைசித் தீபாவளி இல்லையா என்று மனம் ஒப்பவில்லை. குஞ்சத்தை எல்லாம் கத்தரித்தேன். முடிச்சுகளை அவிழ்த்தேன். கோணலாக ஒட்டியிருந்த கயிற்று வட்டங்களைப் பிரித்தேன், பொத்தானைப் பிடுங்கினேன். எல்லாத் துணியையும் ஒரே அளவாக வெட்டி, நான்கு பக்கமும் ஓரம் அடித்து, என் பழைய பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையைச் சுற்றிலும் வைத்துத் தைத்தேன். காடாத்துணியிலிருந்த சணல் பூக்களை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய பட்டுப்பூக்களை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மேசையை விரித்து, கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். உங்களில் பலர் அருமை, அருமை என்று பதில் போட்டீர்கள். விருந்தாளிகளில் ஒருவருக்கும் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஜரிகை வைத்தேன். அதை யார் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதற்கு இன்றைக்கும் என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். அக்கா ஜொகூருக்குப் போயிருக்கிறார், பேரன் கூப்பிட்டான் என்று சொன்னேன். அப்படியா என்று சிரித்த முகத்தோடுதான் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல் மேசையோரம் நடந்தார்கள். கைகள் துணியைத் தடவின, ஓரத்தைத் தடவின, அடுத்த துணிக்குப் போயின, திரும்பி வந்தன. சாமி அண்ணன் மேசையை ஒரு சுற்று முழுவதும் சுற்றிவிட்டு நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். யாரும் யாரையும் வீட்டுக்குள் புகுந்ததாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கையில் பட்ட நாற்காலியில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தார்கள். காக் ரோஸ் குவளையைத் தேடும்போது பாயசத்தைத் தட்டிவிட்டார். பரவாயில்லை, பரவாயில்லை என்று நானே பெரிய மனசோடு துடைத்துவிட்டேன். சாப்பாடு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அக்காவைக் கேட்டதாகச் சொல்லும்படி சொல்லிவிட்டு, சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

நான் உள்ளே போனபோது அக்கா கதவைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"ஏன் பாப்பா, யாருமே சிரிக்கல?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். தட்டுத்துணி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பெருமையாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமல், ஓரம் முழுவதும் விரலை ஓட்டினார். மூலையில் முடிச்சு இருந்த இடத்தில் விரல் நின்றது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லாத்தான் அடிச்சிருக்கே, கை சுத்தம்" என்றார். பிறகுதான் மெல்ல மெல்ல, மூச்சு வாங்கிக்கொண்டு, முடிச்சு யாருடையது, பொத்தான் யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, விடு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருடம் கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் பிழைக்கு அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கார்த்திகை பிறக்கும் முன்பே அக்கா போய்விட்டார். மகனும் மருமகளும் நானும் பக்கத்தில் இருந்தோம். அதிகம் வலியில்லாமல்தான் போனார். அவர் கேட்ட இரண்டு காரியத்தில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன், படுத்திருப்பதை யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். இந்த வருடம் புதிதாகச் சாக்கு வாங்கி ஊறப்போட்டேன். இழை உருவினேன். அக்கா விட்ட குஞ்சம் மாதிரி வரவில்லை, இழுத்த இழுப்பில் பாதித் துணி பிரிந்து வந்துவிட்டது. நான்காவது துணிதான் கொஞ்சம் துணி மாதிரி இருந்தது. அதற்குள் துக்க வருடத்தில் தீபாவளி இல்லை என்பதை அண்ணி முறையில் இருப்பவர்கள் நினைவுபடுத்தினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பலகாரம் சுடவில்லை, மேசை விரிக்கவில்லை. தவற்றைத் திருத்துவதற்கும் வழக்கம் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். இராப்பகல் பார்க்காமல் வீட்டுக்கே வந்து வலி மருந்து கொடுத்துவிட்டுப் போன தாதியருக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று மணியடிக்காமல் போன மேல்மாடிச் சீனத்து ஆன்டிக்கும், கடையைச் சாத்திவிட்டு எல்லா வேலையாட்களோடும் வந்து நின்ற திரைச்சீலைக் கடை முதலாளிக்கும், செராஸிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் காரியங்களுக்குத் தவறாமல் வந்த உறவினர்களுக்கும், மாமியாரைத் தாயாகப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு நன்றியைவிட முதலில் மன்னிப்பைத்தான் சொல்ல வேண்டும். மேலே இருப்பதையெல்லாம் அவர்களுக்காகவும்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அச்சடித்துக் கொடுக்கப்போகும் இந்த மலரை அவர்களால் வாசிக்க முடியாது.

அதனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். சாமி அண்ணன் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். திரை வாங்க வந்த கதையில் சிரித்தார். குஞ்சத்தைக் கத்தரித்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். முடித்துவிட்டு, உங்கள் துணியை எல்லாம் நான் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

"துணிக்காக நாங்க பேசாம இருக்கலம்மா" என்றார். "உங்க அக்கா ஊருக்குப் போறதா இருந்தா எங்க துணியை விரிச்சு வச்சிட்டுத்தான் போவாங்க. வேற கை ஓரம் அடிச்சிருக்குன்னு தடவுனதுமே தெரிஞ்சிருச்சு. அந்தத் துணியை வேற கைக்கு விட்டுட்டாங்கன்னா, எங்கயோ ஆஸ்பத்திரியில கிடக்காங்க, இனிமே எந்திரிக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. அப்புறம் எப்படிச் சிரிக்கிறது?"

அக்கா கேட்ட இரண்டாவது காரியத்தையும் நான் காப்பாற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாயால் ஒளித்ததை என் தையல் சொல்லிவிட்டிருக்கிறது. தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். சாமி அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். ஓர் இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன்.

"உள்ள படுத்துக்கிட்டு நாங்க சிரிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னாங்களே, அது."

வாசித்தேன். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"உள்ளதான் இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாதேம்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்போம்."